ஈயத்தை நீக்கிய பின் எஞ்சும் சிக்கல்: வெள்ளீயப் பெரோவ்ஸ்கைட் ஒளிர்பொருளின் நிலைத்தன்மை குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

நைட்ரஜன் நிரப்பிய கையுறைப் பெட்டிக்குள், கண்ணாடித் தகட்டின்மேல் படியவைத்த ஃபீனைல் எத்தில் அமோனியம் வெள்ளீய அயோடைடுப் படலத்தின்மீது புற ஊதா விளக்கைக் காட்டினால், அது 630 நானோமீட்டரை ஒட்டிய தூய சிவப்பில் ஒளிரும். அதே தகட்டை வெளியே எடுத்து மேசைமேல் வைத்து, குறிப்பேட்டில் இரண்டு வரி எழுதிவிட்டு மீண்டும் விளக்கைக் காட்டினால் சிவப்பு குறைந்திருக்கும். இன்னும் சற்று நேரம் விட்டுவைத்தால் ஒளிர்வு முற்றிலும் அணைந்து, படலத்தின் சொந்த நிறமும் வெளிறிப்போகும். பக்கத்திலேயே அதே காற்றில் வைத்திருக்கும் சீசியம் ஈய புரோமைடுப் படலமோ பச்சை ஒளியைத் தொடர்ந்து வீசிக்கொண்டிருக்கும்.

இவ்விரண்டும் ஹாலைடு பெரோவ்ஸ்கைட்டுகள், அதாவது ஓர் உலோக அயனியைக் குளோரைடு, புரோமைடு, அயோடைடு போன்ற ஹாலைடு அயனிகள் சூழ்ந்திருக்கும் படிகங்கள். இந்த ஆய்வு எடுத்துக்கொள்வது இந்த ஒரு நிகழ்வைத்தான். ஈயமில்லாப் பெரோவ்ஸ்கைட்டுகள் என்ற தலைப்பின்கீழ் வரும் பொருள்கள் பல. ஒவ்வொன்றும் கெட்டுப்போகும் விதமும் வேறு. எனினும் நிலைத்தன்மை என்ற சிக்கல் தன் முழு உருவத்தையும் காட்டுவது வெள்ளீயத்தில்தான் என்பதால், அதை நடுவில் வைத்து, தாமிரம், வெள்ளி, பிஸ்மத் ஆகியவற்றைக் கொண்ட பொருள்களை ஒப்பீட்டுக்காக மட்டும் இடையில் அழைத்துக்கொள்கிறேன்.

ஈயத்தை ஏன் விட வேண்டியிருக்கிறது

ஹாலைடு பெரோவ்ஸ்கைட்டுகள் அறை வெப்பநிலையில் இயங்கும் ஒளியுமிழ் டையோடுகளாக 2014-இல் அறிமுகமாயின. அடுத்த ஆண்டே சீசியம் ஈய ஹாலைடு நானோபடிகங்கள் வந்தன. 2018-இல் ஈயப் பெரோவ்ஸ்கைட் டையோடுகளின் வெளிக் குவாண்டத் திறன் (செலுத்தும் எலக்ட்ரான்களுக்கு ஈடாக வெளிவரும் ஒளித்துகள்களின் விகிதம்) 20 சதவீதத்தைத் தாண்டியது. நான்கே ஆண்டுகளில் இவ்வளவு தொலைவு வந்த ஒளிர்பொருள் வேறில்லை என்றே சொல்லலாம். ஆனால் சீசியம் ஈய புரோமைடின் எடையில் ஏறத்தாழ 36 சதவீதம் ஈயம். மின்னணுச் சாதனங்களில் ஆபத்தான பொருள்களைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய விதி, ஒருபடித்தான ஒரு பொருளில் 0.1 சதவீத எடைக்குமேல் ஈயம் இருக்கக் கூடாது என்கிறது. ஒளிர்பொருளைப் பாலிமரில் மிகக் குறைந்த அளவில் கலந்து இந்த விகிதத்தைத் தாழ்த்திக் காட்டலாம் என்று வாதிடுவோர் உண்டு. அது கணக்கைத் தீர்க்கும். நீரில் ஓரளவு கரையும் ஈய உப்பு கழிவிலிருந்து கசிவதைத் தீர்க்காது.

இரண்டு மின்னழுத்தங்களுக்கு நடுவில் ஆக்சிஜன்

மாற்று என்றவுடன் வெள்ளீயத்தின் பெயர் முதலில் வருவதற்குக் காரணம் எளிது. தனிம அட்டவணையில் ஈயத்துக்கு நேர்மேலே இருப்பது அது. இரண்டு நேர்மின்னேற்றம் கொண்ட அயனியாக இருக்கையில் இரண்டின் ஆரங்களும் நெருக்கமானவை. ஆறு ஹாலைடு அயனிகள் சூழ்ந்த எண்முகிக் கூட்டில் வெள்ளீயமும் சிரமமின்றி அமர்கிறது. இரண்டுக்குமே வெளிக்கூட்டில் ஓர் இணை எஸ்-எலக்ட்ரான்கள் எஞ்சியிருக்கின்றன. பெரோவ்ஸ்கைட்டின் ஒளியியல் பண்புகளுக்கு அடிப்படையாக இருப்பதும் அந்த இணைதான்.

சிக்கலும் அதே இணையிலேயே இருக்கிறது. 82 புரோட்டான்கள் கொண்ட ஈய அணுக்கருவின் அருகில் செல்லும் எஸ்-எலக்ட்ரான்கள் சார்பியல் விளைவால் உட்புறமாக இறுக்கப்பட்டு, வினையில் ஈடுபட மறுக்கின்றன. ஐம்பதே புரோட்டான்கள் கொண்ட வெள்ளீயத்தில் இந்த இறுக்கம் குறைவு. ஆகவே ஸ்டானஸ் எனப்படும் இரண்டு நேர்மின்னேற்ற வெள்ளீய அயனி தன் எலக்ட்ரான் இணையை எளிதில் இழந்து, நான்கு நேர்மின்னேற்றம் கொண்ட ஸ்டானிக் அயனியாகிவிடுகிறது. திட்ட மின்னழுத்தங்களை (எலக்ட்ரானை ஏற்கும் நாட்டத்தின் அளவுகளை) எடுத்துப் பார்த்தால் இது பளிச்சென விளங்கும். நான்கிலிருந்து இரண்டு மின்னேற்றத்துக்கு இறங்குவதற்கான அழுத்தம் வெள்ளீயத்துக்கு 0.15 வோல்ட்; ஈயத்துக்குச் சுமார் 1.7 வோல்ட். ஆக்சிஜன் நீராக ஒடுங்கும் வினைக்கோ அது 1.23 வோல்ட். அதாவது ஆக்சிஜன் இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் நிற்கிறது: வெள்ளீயத்தை அதனால் ஆக்சிஜனேற்ற முடியும், ஈயத்தை முடியாது. இவை அமில நீர்க்கரைசலுக்கான அளவுகள், திண்மப் படிகத்துக்கு அப்படியே பொருந்தாதவை என்பது உண்மைதான். ஆயினும் மேசைமேல் வைத்த இரண்டு தகடுகளின் கதையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லும் வேறு எண்களை நான் கண்டதில்லை.

படிகத்துக்குள் இந்த மாற்றம் இருவேறு கட்டங்களாக நிகழ்கிறது. இவற்றைப் பிரித்துப் பார்க்கத் தவறுவதாலேயே பல அளவீடுகள் குழம்பிப்போகின்றன. முதற்கட்டத்தில் படிக அமைப்பு குலைவதில்லை. வெள்ளீய அயனி இருக்க வேண்டிய இடங்கள் சில காலியாகின்றன; ஒவ்வொரு காலியிடமும் இரண்டு துளைகளை, அதாவது நேர்மின்னேற்றம்போல் நகரும் எலக்ட்ரான் இன்மைகளை, படிகத்துக்குள் விடுகிறது; பொருள் தானாகவே துளைகள் மிகுந்த பி-வகைக் குறைக்கடத்தியாக மாறுகிறது. எலக்ட்ரான்களும் துளைகளும் ஒளியை உமிழாமலேயே ஆற்றலை இழந்து இணைவதற்கான வழிகள் பெருகுகின்றன. படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுப் படத்தில் எந்த மாற்றமும் தெரியாத இந்த நிலையிலேயே ஒளிர்வு பாதியாகக் குறைந்திருக்கக்கூடும். இரண்டாம் கட்டத்தில்தான் அமைப்பு உடைந்து வேறு சேர்மங்கள் தோன்றுகின்றன. சீசியம் வெள்ளீய அயோடைடின் கருநிற வடிவம் காற்றில் முதலில் மஞ்சள் நிற வடிவமாகவும், பின்னர் வெள்ளீயம் முழுவதும் ஸ்டானிக் நிலையை அடைந்த வேறொரு சேர்மமாகவும் மாறுவது இதற்கு நன்கறியப்பட்ட சான்று. சூரிய மின்கலத்துக்கு முதற்கட்டம் ஒரு குறைபாடு மட்டுமே. ஒளிர்பொருளுக்கோ அதுவே மரணம்.

ஒன்று இரண்டாகும் கணக்கு

நீண்ட காலமாக வெள்ளீயத்தின் சிதைவு, இரும்பு துருப்பிடிப்பதைப் போல ஆக்சிஜன் மெல்ல உள்ளே புகுந்து அரிப்பதாகவே எண்ணப்பட்டது. அப்படியானால் படலத்தின்மேல் நல்லதொரு மூடியைப் போட்டாலே போதும். 2021-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் வெளியிட்ட வேலை இந்த எண்ணத்தை மாற்றியது. சிதைவின்போது உருவாகும் ஸ்டானிக் அயோடைடு வெறும் கழிவன்று, அடுத்த சிதைவுக்கு அதுவே மூலப்பொருள் என்று அவர்கள் காட்டினர்.

வினைகளைச் சொற்களில் வரிசைப்படுத்தினால் இப்படி வரும். ஒரு ஸ்டானிக் அயோடைடு மூலக்கூறு இரண்டு நீர் மூலக்கூறுகளுடன் வினைபுரிந்து வெள்ளீய டையாக்சைடையும் நான்கு ஹைட்ரஜன் அயோடைடு மூலக்கூறுகளையும் தருகிறது. அந்த நான்கையும் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு ஆக்சிஜனேற்றி, இரண்டு அயோடின் மூலக்கூறுகளையும் இரண்டு நீர் மூலக்கூறுகளையும் உண்டாக்குகிறது. ஒவ்வோர் அயோடின் மூலக்கூறும் பெரோவ்ஸ்கைட்டில் இன்னும் சிதையாமலிருக்கும் ஒரு ஸ்டானஸ் அயனியைத் தாக்கி, அதை ஸ்டானிக் அயோடைடாக மாற்றுகிறது.

இதைத் தாளில் ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. ஒரு ஸ்டானிக் அயோடைடில் தொடங்கிய சுற்று முடியும்போது இரண்டு ஸ்டானிக் அயோடைடு இருக்கிறது. அடுத்த சுற்றில் நான்கு. வினைக்குள் சென்ற இரண்டு நீர் மூலக்கூறுகளும் சுற்றின் முடிவில் அப்படியே திரும்பிவிடுகின்றன. செலவாவது ஆக்சிஜனும் பெரோவ்ஸ்கைட்டும் மட்டுமே. நடைமுறையில் அயோடினின் ஒரு பகுதி ஆவியாகிப் போகும், சில வினைகள் முற்றுப்பெறாமல் நிற்கும். ஆகவே பெருக்கம் இவ்வளவு துல்லியமாக இராது. ஆனால் இதன் தன்மை தெளிவு. இது அரிப்பு அன்று, பெருகும் சக்கரம். ஈரப்பதம் மிகக் குறைவாக இருந்தாலும், அது தீர்ந்துபோவதில்லை என்பதால், சக்கரம் சுழன்றுகொண்டே இருக்கும். ஈரத்தை உள்ளே சிறைவைத்துவிட்டு மேலே மூடுவதால் பெரிய நன்மை இல்லை. தொடக்கத்தில் படலத்தில் இருக்கும் ஸ்டானிக் அசுத்தம் ஆயிரத்தில் ஒரு பங்காக இருந்தாலும் அதை அலட்சியப்படுத்த இயலாது, ஏனெனில் சக்கரத்தைத் தள்ளிவிடும் முதல் கை அதுதான்.

இடையில் ஒரு செய்தி. 2016-இல் சீப்ரா மீன் கருக்களில் நடத்திய சோதனையொன்றில், ஈய அயோடைடைவிட வெள்ளீய அயோடைடு கூடுதல் தீங்கு விளைவித்தது. அது நீரில் சிதைந்து அமிலத்தன்மையை உயர்த்தியதே காரணமாகச் சொல்லப்பட்டது. சக்கரத்தின் நடுவில் நாம் கண்ட அதே ஹைட்ரஜன் அயோடைடுதான் அங்கும் வேலை செய்திருக்கிறது. ஈயத்தை நீக்கியதாலேயே பொருள் தீங்கற்றதாகிவிட்டது என்று விளம்பரப்படுத்துவோர் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். வெள்ளீயத்தைப் பொறுத்தவரை நிலைத்தன்மையும் பாதுகாப்பும் தனித்தனிக் கேள்விகள் அல்ல.

வேலியே பயிரை மேய்ந்தது

சக்கரத்தைத் தள்ளும் முதல் கை எங்கிருந்து வருகிறது? காற்றே படாத கையுறைப் பெட்டிக்குள் கரைசல் தயாரித்து, அங்கேயே படலம் வார்த்து, அங்கேயே சூடாக்கினாலும் ஸ்டானிக் அயனி அளவீட்டில் தென்படுவது ஏன்?

விடையின் ஒரு பாதி புட்டியில் இருக்கிறது. மிகத் தூயது என்று விற்கப்படும் ஸ்டானஸ் அயோடைடிலும் ஸ்டானிக் அயோடைடு சிறிதளவு கலந்தே வருகிறது. புட்டியைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அது கூடுகிறது. இதற்கான மருத்துவம் பழையது, எளியது: கரைசலில் வெள்ளீய உலோகத் தூளை இட்டுக் கலக்கிவிட்டு வடிகட்டுவது. உலோக வெள்ளீயமும் ஸ்டானிக் அயோடைடும் சந்தித்தால் இரண்டும் நடுநிலைக்கு இறங்கி ஸ்டானஸ் அயோடைடாகின்றன. சிவந்த கரைசல் வெளிர் மஞ்சளுக்குத் திரும்புவதைக் கண்ணாலேயே காணலாம். பல ஆயிரம் செலவாகும் கருவி எதுவுமின்றி, கரைசலின் தரத்தை உடனே சொல்லிவிடும் அடையாளம் இது. வார்ப்பதற்குமுன் புட்டியை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்க்கும் பழக்கம் இந்தத் துறையில் வீணானதன்று.

மறு பாதி எதிர்பாராத இடத்தில் இருந்தது. வெள்ளீயப் பெரோவ்ஸ்கைட் கரைசலுக்கு டைமெத்தில் சல்ஃபாக்சைடைக் கரைப்பானாகச் சேர்ப்பது வழக்கம். அது ஸ்டானஸ் அயோடைடுடன் இணைந்து ஒரு கூட்டுச் சேர்மமாகி, அளவுக்கு மீறிய வேகத்தில் நடக்கும் படிகமாதலைத் தாமதப்படுத்தி, படலம் ஓட்டையின்றி அமைய உதவுகிறது. அதாவது படலத்தின் காவலனாகவே அது தேர்ந்தெடுக்கப்பட்டது. 2020-இல் வெளிவந்த ஆய்வு, சூடாக்கும்போது இந்தக் கரைப்பானே வெள்ளீயத்தை ஆக்சிஜனேற்றுகிறது என்றும், அமிலச் சூழல் அதைத் தூண்டுகிறது என்றும் நிறுவியது. தன்னிடமுள்ள ஆக்சிஜன் அணுவைக் கொடுத்துவிட்டு, கரைப்பான் டைமெத்தில் சல்ஃபைடாகிப் போகிறது. காற்றை வெளியேற்றப் பெட்டியில் செய்த அத்தனை ஏற்பாடும் இருக்க, ஆக்சிஜனைச் சுமந்துகொண்டு உள்ளே நுழைந்தது கரைப்பானே. இதற்குப் பின்னர் அந்தக் கரைப்பானை விலக்கிய கலவைகளைத் தேடும் வேலை தீவிரமடைந்தது. அதே தாமதத்தை வேறு கரைப்பான்களால் உண்டாக்குவது எளிதாக இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சக்கரத்தில் எங்கே கட்டையைச் செருகுவது

நிலைத்தன்மையை உயர்த்தக் கையாளப்பட்ட முறைகளைச் சக்கரத்தின் எந்தப் புள்ளியைத் தடுக்கின்றன என்று பார்த்து அடுக்கினால்தான் அவற்றின் மதிப்பு புலப்படும். வெள்ளீய டைஃபுளூரைடு சேர்ப்பது இவற்றில் மூத்தது. 2012-இலேயே சீசியம் வெள்ளீய அயோடைடில் கையாளப்பட்டது. கரைசலில் ஸ்டானஸ் அயனிகளை மிகுதியாக வைத்திருப்பதால் காலியிடங்கள் குறைகின்றன என்பது தொடக்க கால விளக்கம். ஃபுளூரைடு அயனி ஸ்டானிக் அயனியையே விரும்பிப் பற்றிக்கொள்கிறது, அதனால் ஸ்டானிக் அசுத்தம் பெரோவ்ஸ்கைட்டுக்குள் நுழையாமல் ஒதுங்கிவிடுகிறது என்பது பின்னர் வந்த விளக்கம். எனக்கு இரண்டாவதே வலுவானதாகத் தோன்றுகிறது, ஏனெனில் மிகுதியான வெள்ளீயம் மட்டுமே காரணமாக இருந்தால் குளோரைடும் புரோமைடும் இதே அளவு பயன் தந்திருக்க வேண்டும். அளவு மீறினால் ஃபுளூரைடு தனித் திட்டுகளாகப் பிரிந்து படலத்தைக் கெடுக்கும் என்பது இதன் எல்லை.

ஹைப்போபாஸ்பரஸ் அமிலம் அடுத்த புள்ளியில் செயல்படுகிறது. அது ஓர் ஒடுக்கி. உருவாகும் ஸ்டானிக் அயனியையும் அயோடினையும் மீண்டும் பழைய நிலைக்குத் தள்ளுகிறது. அத்துடன் ஸ்டானஸ் அயனியுடன் இணைந்து படிக வளர்ச்சியையும் நிதானப்படுத்துகிறது. 2020-இல் இந்த அமிலத்தைக் கொண்டு தயாரித்த அடுக்குப் பெரோவ்ஸ்கைட் டையோடு 633 நானோமீட்டரில், அதிதெளிவுத் திரைகளுக்கு வகுக்கப்பட்ட சிவப்பை ஏறத்தாழ எட்டும் அளவு தூய நிறத்தைக் காட்டியது. ஆனால் அதன் வெளிக் குவாண்டத் திறன் ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை. நிறம் கிடைத்தது, வெளிச்சம் கிடைக்கவில்லை.

அடுக்குப் பெரோவ்ஸ்கைட்டே ஒருவகைத் தடுப்புதான். வெள்ளீய அயோடைடுத் தாள்களுக்கு நடுவே நீரை வெறுக்கும் பருமனான கரிம அயனிகள் திரைபோல் நிற்பதால், தாளின் முகப்பு வழியாக ஈரமும் ஆக்சிஜனும் உள்ளே செல்வது கடினம். ஆனால் தாளின் விளிம்புகளும் படிகத் துகள்களின் எல்லைகளும் திறந்தே கிடக்கின்றன. நல்ல கூரை வேய்ந்து, சுவரில் சன்னல்களைத் திறந்து வைத்த வீட்டைப் போன்றது இது. எனவே துகள் எல்லையில் அமர்ந்து அங்குள்ள வெள்ளீயத்தைப் பற்றிக்கொள்ளும் மூலக்கூறுகள் தேவைப்பட்டன. 2023-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தயோஃபீன் எத்தில் அமோனியம் வெள்ளீய அயோடைடில் சயனூரிக் அமிலம் சேர்க்கப்பட்டது. இந்த அமிலம் ஒரே மூலக்கூற்று வாய்பாட்டின் இரு வடிவங்களுக்கிடையே மாறிக்கொண்டிருப்பது. அவ்வடிவங்கள் ஹைட்ரஜன் பிணைப்பால் இரண்டாகவும் மூன்றாகவும் கோத்துக்கொண்டு படிகப் பரப்பில் வலைபோல் பரவுகின்றன. நேரடியாகப் பிணைக்கப்படாத வெள்ளீய அணுக்களும் இதன் மின்னணு விளைவை உணர்ந்தன. ஒளியின்றி ஆற்றலை இழக்கும் மறுஇணைவின் விகிதக் கெழு நூறு மடங்கு குறைந்தது. வெளிக் குவாண்டத் திறன் 20.29 சதவீதத்தைத் தொட்டது. ஈயம் 2018-இல் நின்ற இடத்துக்கு வெள்ளீயம் ஐந்தாண்டு தாமதமாக வந்து சேர்ந்தது.

இந்த வரிசையிலிருந்து நான் பெறும் முடிவு ஒன்றுதான். பலனளித்த ஒவ்வொரு முறையும், சிதைவு தொடங்கும் வேதிப் புள்ளியை, அதாவது ஸ்டானஸ் அயனியின் எலக்ட்ரான் இணையையோ அதைத் தாக்கும் அயோடினையோ, நேராகக் குறிவைத்தது. சிலிக்கா, அலுமினா, பாலிமர் ஆகியவற்றால் ஆன மேலுறைகள் இன்றியமையாதவை. ஆனால் அவை சக்கரத்துக்கு வரும் ஆக்சிஜனைக் குறைக்குமே தவிர, உள்ளே இருக்கும் விதையை அழிப்பதில்லை. விதையை அகற்றாமல் உறையைத் தடிமனாக்கிக்கொண்டே போன முயற்சிகள் வாரங்களை மாதங்களாக நீட்டின, அவ்வளவே.

வெள்ளீயத்தைச் சுற்றிச் சென்ற பாதை

ஆக்சிஜனேறக்கூடிய அயனியே வேண்டாம் என்று முடிவெடுத்தால் என்னவாகும்? இரண்டு ஈய அயனிகளின் இடத்தில் ஒரு வெள்ளி அயனியையும் ஓர் இண்டியம் அயனியையும் வைத்தால் மின்னேற்றக் கணக்கு நேராகிவிடும். இரண்டுமே தமக்கு இயல்பான மின்னேற்றத்தில் இருப்பதால் ஆக்சிஜனால் செய்வதற்கு ஒன்றுமில்லை. சீசியம் வெள்ளி இண்டியம் குளோரைடு என்ற இந்த இரட்டைப் பெரோவ்ஸ்கைட், தன்னளவில் மிக மங்கலாகவே ஒளிர்வது. சமச்சீர் விதியால் அதன் ஒளி உமிழும் தாவல் தடைசெய்யப்பட்டிருக்கிறது. 2018-இல் வெள்ளியின் 40 சதவீதத்தைச் சோடியத்தால் மாற்றி, 0.04 சதவீதம் பிஸ்மத்தையும் புகுத்தியபோது அந்தச் சமச்சீர் உடைந்து, குவாண்டம் விளைச்சல் (உறிஞ்சிய ஒளித்துகள்களுக்கு ஈடாக உமிழப்படுபவற்றின் விகிதம்) 86 சதவீதமாக உயர்ந்தது. இதமான வெள்ளை ஒளியை 1000 மணி நேரத்துக்கும் மேலாக அது நிலையாகத் தந்தது. காற்றில் சில நிமிடங்கள் தாங்காத வெள்ளீயப் படலத்தின் அருகே இந்த எண்ணை வைத்துப் பார்த்தால் வழக்கு முடிந்துவிட்டது என்றே தோன்றும்.

முடியவில்லை. இப்பொருளில் ஒளி உமிழ்வது, தன்னைச் சுற்றியுள்ள படிகப் பின்னலை நெளியச்செய்து அந்த நெளிவிலேயே சிக்கிக்கொண்ட எக்சிட்டான், அதாவது ஒன்றையொன்று பற்றிய எலக்ட்ரான்-துளை இணை. எனவே நிறமாலை மிக அகன்றது. விளக்குக்கு அது வரம், தூய நிறம் கேட்கும் திரைக்குச் சாபம். ஆற்றல் இடைவெளி அகலமானது என்பதால் தூண்டுவதற்குப் புற ஊதாக்கதிர் தேவை. மின்னோட்டத்தை நேராகச் செலுத்தி ஒளிரவைப்பதும் கடினம். வெள்ளி ஹாலைடுகளுக்கே உரிய பழைய குணமும் விட்டுப்போகவில்லை: சோடியம் கலக்காத வெண்ணிறத் தூள் புற ஊதாவில் செம்மஞ்சளாக மாறுவது 2017-லேயே பதிவாகியிருக்கிறது.

தாமிரச் சேர்மம் கெட்டுப்போகும் விதம் இன்னும் சுவையானது. சீசியம் தாமிர அயோடைடின் ஒரு வடிவத்தில் மூன்று சீசியம், இரண்டு தாமிரம், ஐந்து அயோடின் அணுக்கள் உள்ளன. அது 445 நானோமீட்டரை ஒட்டிய நீலத்தில் ஒளிர்கிறது. ஒற்றைப் படிகத்தில் அதன் குவாண்டம் விளைச்சல் ஏறத்தாழ 90 சதவீதம் என 2018-இல் அறிவிக்கப்பட்டது. இந்தத் தூளின்மேல் ஒரு துளி நீரை விட்டு, 254 நானோமீட்டர் விளக்கின்கீழ் வைத்துப் பார்த்தால், நனைந்த இடம் நீலத்தை இழந்து மஞ்சளாக ஒளிரத் தொடங்குவதைக் காணலாம். நீரில் எளிதில் கரையும் சீசியம் அயோடைடு இரண்டு பங்கு கழன்று போக, எஞ்சுவது ஒரு சீசியம், இரண்டு தாமிரம், மூன்று அயோடின் கொண்ட மஞ்சள் ஒளிர்பொருள். இங்கே ஆக்சிஜனேற்றம் நிகழவில்லை, கசிவுதான் நிகழ்ந்தது. எனவே வெள்ளீயத்துக்கு உதவிய ஒடுக்கி இதற்கு உதவாது. சீசியம் அயோடைடு வெளியேற முடியாத நீர்ப்புகா உறைதான் உதவும். பிஸ்மத்தின் நடத்தையோ இதற்கு நேரெதிர். சீசியம் பிஸ்மத் புரோமைடு நானோபடிகத்தின் மேற்பரப்பு நீரால் சிதையும்போது உருவாகும் பிஸ்மத் ஆக்சிபுரோமைடு கரையாத ஓடாகப் படிந்து, உள்ளிருப்பதைக் காக்கிறது. நோயே மருந்தாகும் இந்த வசதி வெள்ளீயத்துக்கு வாய்க்கவில்லை.

அளவீட்டைப் படிக்கும் முறை

நிலைத்தன்மை குறித்த எண்களைப் படிப்பவர் முதலில் கேட்க வேண்டியது, எது நிலைத்திருந்தது என்பதே. முப்பது நாள்களுக்குப் பின்னும் எக்ஸ் கதிர் படம் மாறவில்லை என்று எழுதியிருந்தால், மேலே சொன்ன முதற்கட்டச் சேதத்தைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. ஒளிர்வு 90 சதவீதம் எஞ்சியது என்றால், தொடக்க விளைச்சல் என்ன என்று பார்க்க வேண்டும். ஏற்கெனவே ஐந்து சதவீதத்தில் இருந்த பொருள் மேலும் கீழிறங்க இடமில்லாமல் நிலையாகத் தோன்றுவது உண்டு. இருட்டில் வைத்த நாள்கள், ஒளிபட வைத்த மணிகள், 85 பாகை செல்சியஸ் வெப்பமும் 85 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில் கழிந்த மணிகள், மின்னோட்டம் பாய்ந்த மணிகள் என்பவை ஒன்றுக்கொன்று மாற்ற முடியாத நாணயங்கள்.

சூடாக்கும்போது ஒளிர்வு குறைந்தால் பொருள் கெட்டுவிட்டது என்று உடனே முடிவு செய்யக் கூடாது. வெப்பத்தால் தணியும் ஒளிர்வு குளிர்ந்தபின் மீளும். சிதைவால் போனது மீளாது. குளிரவைத்து மறுபடியும் அளக்கும் அந்த ஒரு படியைத் தவிர்ப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. ஸ்டானிக் அயனியின் அளவை எக்ஸ் கதிர் ஒளிமின்னணு நிறமாலையால் கணிக்கும்போது, அக்கருவி காண்பது மேற்பரப்பின் சில நானோமீட்டர் ஆழத்தை மட்டுமே என்பதை மறக்கக் கூடாது. பெட்டியிலிருந்து கருவிக்கு மாற்றும் சில விநாடிகளில் காற்றுப் பட்டாலே அந்த ஆழம் முழுவதும் மாறியிருக்கும். ஆழத்தைக் காண அயனிக் கற்றையால் சுரண்டினால், சுரண்டலே இணைதிறனை மாற்றிவிடலாம்.

மின்னோட்டம் பாயும்போது

இத்தனையும் சரிசெய்த ஒரு படலத்தை எடுத்துக்கொள்வோம். வெள்ளீயத் தூளால் தூய்மையாக்கிய கரைசல், சல்ஃபாக்சைடு இல்லாத கரைப்பான், ஒடுக்கி, துகள் எல்லையைக் காக்கும் மூலக்கூறு, மேலே கண்ணாடி மூடி. அலமாரியில் வைத்தால் அது நிலைக்கும். புற ஊதா விளக்கின்கீழும் ஓரளவு நிலைக்கும். மின்முனைகளை இணைத்து மின்னோட்டத்தைச் செலுத்தியதும் ஆயுள் மணிக்கணக்கில் எண்ணும் அளவுக்குக் குறுகிவிடுகிறது. திரைகளுக்கு வேண்டியதோ பல்லாயிரம் மணி நேரம்.

இதற்கான விளக்கம் அதே சக்கரத்தில் இருக்கிறது. ஆக்சிஜனின் பங்கு அயோடைடிலிருந்து எலக்ட்ரானைப் பறித்து அயோடினை உண்டாக்குவது மட்டுமே. டையோடில் நேர்முனையிலிருந்து பாயும் துளைகளும் அதைத்தான் செய்கின்றன: அயோடைடு அயனியில் சிக்கிக்கொண்ட துளை அதை அயோடினாக்குகிறது, அயோடின் ஸ்டானஸ் அயனியைத் தாக்குகிறது. ஆக்சிஜனும் நீரும் இல்லாமலேயே சிதைவு தொடர்கிறது. மூடிய கண்ணாடியும் அங்கே பயனற்றுப்போகிறது. அயோடைடு அயனிகள் மின்புலத்தில் நகரக்கூடியவை என்பதால், ஓரிடத்தில் தோன்றும் சேதம் அங்கேயே நிற்பதுமில்லை.

ஆகவே மின்னோட்டத்தில் இயங்கும் வெள்ளீய ஒளிர்பொருளுக்கு இனி வேண்டிய சிகிச்சை, படலத்தைவிடச் சாதனத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. துளைகளும் எலக்ட்ரான்களும் சம அளவில் வந்து உடனுக்குடன் ஒளியாக இணைந்துவிட்டால், அயோடைடில் தங்கி வினைபுரிய எஞ்சும் துளைகள் குறையும். பி-வகையாகவே பிறக்கும் வெள்ளீயப் பெரோவ்ஸ்கைட்டில் துளைகள் எப்போதும் மிகை. அவற்றுக்கு ஈடாக எலக்ட்ரான்களை விரைந்து கொண்டுவரும் அடுக்கு வேண்டும். ஈயப் பெரோவ்ஸ்கைட்டுக்கென வடிவமைத்த எலக்ட்ரான் கடத்தும் அடுக்குகளை அப்படியே எடுத்து இங்கே பொருத்துவது வழக்கமாக இருந்துவருகிறது. வெள்ளீயப் பெரோவ்ஸ்கைட்டின் கடத்துபட்டை (எலக்ட்ரான்கள் நகரும் ஆற்றல் மட்டம்) ஈயத்தினுடையதைவிட உயரத்தில் இருப்பதால் அந்த அடுக்குகளின் ஆற்றல் மட்டம் இதனுடன் ஒத்துப்போவதில்லை. முதலில் மாற்ற வேண்டிய அடுக்கு அதுதான்.